ஈனிலும் காவலும்: பறவை முட்டையின் நிறமும் தாய்ப்பறவையின் நடத்தையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடத்தை இக்காலத் தமிழர் 'கூடு' என்னும் ஒரு சொல்லாலேயே குறிக்கின்றனர். கூடு என்பது வடிவத்தைச் சுட்டும் சொல். சங்கச் சான்றோர் இதற்கு 'ஈனில்' என வேறொரு சொல்லையும் வழங்கினர். ஈனும் இல் ஈனில் ஆயிற்று. இச்சொல் வடிவத்தைச் சுட்டாமல் பயனைச் சுட்டுகின்றது. மனிதப் பெண்ணின் மகப்பேற்றுக்கு ஓர் இல்லம் வேண்டியிருப்பது போலவே பறவைக்கும் வேண்டும் என்ற பரிவு அச்சொல்லில் பொதிந்துள்ளது. குறுந்தொகையின் 85ஆம் பாடலில் வடம வண்ணக்கன் தாமோதரனார் இச்சொல்லை ஆள்கின்றார். ஊருக்குள் வாழும் குருவியின் சேவல், முட்டையிடும் நிலையை அடைந்த தன் பேடைக்கு ஈனில் அமைக்கக் கருதிக் கரும்பின் மணமில்லா வெண்பூவைக் கோதி எடுக்கின்றது. பரத்தையை நாடித் திரிந்த தலைவனிடம் அக்குருவிக்குள்ள பொறுப்புக்கூட இல்லை என்பது பாடலின் உட்கருத்து.

அந்தச் சேவல் மெல்லிய பூவைத் தேடியது ஏன் என்பதைப் புலவர் அன்பினால் விளக்கினார். இன்றைய உயிரியல் அதே செயலைக் காவல் என்ற நோக்கிலும் விளக்குகின்றது. முட்டை ஓடுவதில்லை, பறப்பதில்லை, குரல் எழுப்புவதில்லை. உயிருள்ளவற்றுள் முட்டையைப் போல் தற்காப்பற்ற பொருள் பிறிதொன்றில்லை. ஆயினும் காகமும் கீரியும் சாரைப்பாம்பும் உடும்பும் நாயும் நாள்தோறும் இரைதேடும் நிலத்தில் பறவையினங்கள் அழியாமல் நிலைத்து வந்துள்ளன. இது எவ்வாறு இயன்றது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பறவைகளைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதும், அக்காவல் இன்று எவ்விடத்தில் தளர்கின்றது என்பதைச் சுட்டுவதும் இவ்வுரையின் நோக்கங்களாகும்.

பாறையில் உருண்ட முட்டை

முட்டையின் எளிமையைக் கபிலர் ஒரு காட்சியால் உணர்த்துகின்றார். குறுந்தொகை 38ஆம் பாடலில், காட்டு மயில் பாறையில் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடும் முசுக்குட்டி உருட்டிக்கொண்டிருக்கின்றது. முசுவுக்கு அது விளையாட்டு. மயிலுக்கோ ஒரு தலைமுறை. குரங்கினத்தாலும் முட்டைக்குக் கேடு உண்டென்பதைக் குறிஞ்சி நிலத்துப் புலவர் கண்ணால் கண்டிருக்கின்றார்.

மயிலைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு விராலிமலை நினைவுக்கு வராமல் இராது. முருகன் எழுந்தருளியுள்ள அக்குன்றில் மயில்கள் மிகுந்திருப்பது தமிழகம் அறிந்த செய்தி. அங்குச் செல்வோர் கண்கள் ஆண் மயிலின் தோகையையே நாடும். முட்டையைக் காப்பது அத்தோகையன்று. பெண் மயிலுக்குத் தோகை இல்லை. அதன் முதுகு மங்கிய பழுப்பு நிறமுடையது. முள் அடர்ந்த புதரின் அடியில், தரையில், சருகோடு சருகாக அது அமர்ந்து அடைகாக்கும்போது இரண்டு மூன்று அடித் தொலைவில் நிற்பவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படுவதில்லை. ஆண் மயில் அடைகாப்பதுமில்லை, குஞ்சு பேணுவதுமில்லை. ஆகவே அதற்கு ஒளிந்திருக்கும் தேவை நேரவில்லை. கவிஞர் போற்றிய அழகை ஆணும், குலத்தைக் காக்கும் எளிய நிறத்தைப் பெண்ணும் பெற்றுள்ளமை எண்ணத்தக்கது.

இரு நிறமிகள்

முட்டையோட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் கார்பனேட்டால் ஆயது. அதன் இயல்பான நிறம் வெண்மை. அவ்வெண்மையின்மேல் தாயின் உடலிலுள்ள ஓட்டுச் சுரப்பி இரண்டே நிறமிகளைக் கொண்டு எல்லா வண்ணங்களையும் தீட்டுகின்றது. ஒன்று பிலிவெர்டின், இது நீலமும் பச்சையும் தருவது. மற்றொன்று புரோட்டோபார்ஃபிரின், இது செம்மையும் பழுப்பும் தருவது. மைனாவின் முட்டைக்கு நீலமும், ஆள்காட்டியின் முட்டைக்குக் கரும்பழுப்புப் புள்ளியும் இவ்விரண்டின் கூடுதல் குறைதலாலேயே அமைகின்றன. முட்டை நிறம் பறவைகளோடு தோன்றியதன்று என்பதும், பறவைகளின் முன்னோராகிய சில டைனோசார்களின் முட்டையோட்டிலேயே இந்நிறமிகள் இருந்தன என்பதும் 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தன.

நிறத்திற்கும் காவலுக்கும் உள்ள உறவைத் தெளிவாக எடுத்துரைத்தவருள் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ் குறிப்பிடத்தக்கவர். டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட அவர், 1889இல் வெளியிட்ட நூலில், பொந்திலும் வளையிலும் மூடிய கூட்டிலும் இடப்படும் முட்டைகள் பெரும்பாலும் வெண்மையாக இருப்பதையும், திறந்த இடத்தில் இடப்படுபவை பெரும்பாலும் சூழலின் நிறத்தை ஒத்திருப்பதையும் சுட்டினார். காணப்படாத முட்டைக்கு வண்ணம் வேண்டுவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்விதியைப் புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர் எதிலும் சோதித்துப் பார்க்கலாம். பனைமரப் பொந்திலுள்ள கிளியின் முட்டை வெண்மை. பழைய கட்டடத்து இடுக்கில் வாழும் ஆந்தையின் முட்டை வெண்மை. கண்மாய்க் கரையில் வளை தோண்டும் மீன்கொத்தியின் முட்டையும் வெண்மையே. அதே கண்மாய்க்கு வெளியே, வெயில் காயும் பொட்டலில் இடப்படும் முட்டைகளோ மண்ணும் கல்லும் கலந்த நிறத்தன.

மூடிய ஈனில்

வெள்ளை முட்டையிடும் பறவை, நிறத்தால் பெறாத காவலைக் கட்டடக் கலையால் பெறுகின்றது. இதற்குத் தூக்கணாங்குருவியே சிறந்த சான்று. பனையில் தொங்கும் இதன் கூட்டைக் குறுந்தொகை 374ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. ஊரார் கொண்ட மயக்கத்துக்கு அக்கூட்டின் பின்னலை உவமையாக்கியது புலவரின் நுண்மாண் நுழைபுலம்.

அப்பின்னலுக்குக் காரணம் உண்டு. நுழைவாயில் கீழ்நோக்கிய நீண்ட குழாயாக அமைந்திருக்கின்றது. முட்டை கிடக்கும் அறையோ பக்கவாட்டில் தனியே உள்ளது. மரமேறி வரும் பாம்பு கூட்டின் மேற்புறத்தை அடையலாம். ஆடும் கூட்டைப் பற்றிக்கொண்டு, தலைகீழாக இறங்கி, வழுக்கும் குழாயினுள் திரும்பி நுழைவது அதற்கு எளிதன்று. கிணற்றின் மேலும் குளத்தின் மேலும் நீண்ட கிளைகளையும், முள் நிறைந்த மரங்களையும், வழவழப்பான பனையோலை நுனிகளையும் இக்குருவி தேர்ந்தெடுப்பதும் இதே நோக்கத்தால்தான். கூட்டைப் பாதி கட்டி முடித்த ஆண், பேடையின் வரவுக்காகக் காத்திருக்கும். பேடை வந்து ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பின்னரே எஞ்சிய வேலை நடைபெறும். பறவையறிஞர் சாலிம் அலி 1931இல் வெளியிட்ட கட்டுரையில் இக்குருவியின் இல்லற முறையை விரிவாக விளக்கினார். காவலற்ற வீட்டைப் பெண் மறுக்கும் உரிமை அக்குலத்தில் நிலைபெற்றிருப்பது வியப்புக்குரியது.

பச்சைப் பஞ்சுருட்டானின் முறை வேறு. மின்கம்பியில் அமர்ந்து தேனீயைப் பிடித்துண்ணும் இச்சிறு பறவை, மணற்பாங்கான கரையில் கை எட்டாத நீளத்திற்கு வளை தோண்டி, அதன் கோடியில் வெண்மையான முட்டைகளை இடுகின்றது. வளை எங்குள்ளது என்பதைப் பகை அறிந்தால் காவல் குலைந்துவிடும். ஆகவே யாரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் பஞ்சுருட்டான் வளைக்குள் நுழைவதில்லை. அலகில் இரையுடன் கம்பியில் காத்திருக்கும். மிலிந்த் வாட்வே உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் நுட்பமான ஒன்றை வெளிப்படுத்தியது. ஒருவர் அருகில் நின்றாலும், அவர் நின்ற இடத்திலிருந்து வளையின் வாயில் தெரியாதெனின் பறவை தயங்காமல் நுழைகின்றது. வாயில் தெரியும் இடத்தில் நின்றால் தயங்குகின்றது. பிறர் கண்ணுக்கு எது புலனாகும் என்பதைப் பறவை கணிக்கின்றது என்பதே இதன் பொருள்.

திறந்த ஈனில்

இனி, கூடே கட்டாத பறவையைக் காண்போம். புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கருங்கல் பாறையும் மாறிமாறி வரும் மேட்டு நிலம். கோடையில் புல் காய்ந்து, ஆட்டுக்கிடை சென்ற தடம் மட்டும் எஞ்சியிருக்கும் பொட்டலே மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் இல்லம். அதன் உறவாகிய சிவப்பு மூக்கு ஆள்காட்டி நீர்நிலைகளை ஒட்டி வாழ்வது.

ஆள்காட்டி தரையில் ஆழமற்ற ஒரு குழியைக் காலால் பறித்து, அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகின்றது. சுற்றிலும் சில கூழாங்கற்களும் ஆட்டுப்புழுக்கைகளும் கிடக்கும். அவ்வளவே அதன் வீடு. முட்டைகள் ஒரு முனை கூர்மையாக இருப்பதால், நான்கு கூர்முனைகளும் நடுவில் கூடும்படி நெருங்கிக் கிடக்கின்றன. தாயின் வயிறு நான்கையும் மூட முடிகின்றது. மண்நிற ஓட்டின்மேல் கருமையும் பழுப்புமான திட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறியுள்ளன. முட்டையின் விளிம்பை அத்திட்டுகள் உடைத்துவிடுவதால், காண்பவர் கண் முட்டையின் உருண்டை வடிவத்தைத் தேடிக் காணாமல், கல்லையும் நிழலையும் மட்டும் கண்டு நகர்ந்துவிடுகின்றது. மலபார்ப் பகுதியின் செம்புறாங்கல் நிலத்தில் இடப்பட்ட மஞ்சள் மூக்கு ஆள்காட்டி முட்டைகளின் ஓடு செந்நிறம் சார்ந்திருந்தமை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பறவையியலாரால் பதிவு செய்யப்பெற்றது. மண்ணின் நிறம் எதுவோ அதுவே முட்டையின் நிறம் என்னும் அளவிற்குத் தேர்வு நடைபெற்றுள்ளது.

சித்திரை வெயிலில் வெறுந்தரையில் கிடக்கும் முட்டை வெந்துவிடாதா என்ற ஐயம் எழலாம். ஆள்காட்டி அருகிலுள்ள நீருக்குச் சென்று, மார்பு இறகை நனைத்துக்கொண்டு மீண்டு வந்து முட்டையின்மேல் அமர்கின்றது. அடைகாத்தல் என்பது இங்கு வெப்பம் தருவது மட்டுமன்று. நிழலும் குளிர்ச்சியும் தருவதும் ஆகும். ஏறத்தாழ நான்கு வாரம் இத்தவம் தொடர்கின்றது.

நிறமும் நடத்தையும் ஒன்றே

நிறம் மட்டும் முட்டையைக் காத்துவிடுவதில்லை. நிறத்திற்கு ஏற்ற நடத்தை தாயிடம் அமைந்தாலன்றி அந்நிறம் பயன்படுவதில்லை. இக்கருத்தே இவ்வுரையின் நடுநாயகமாகும்.

கருப்பு வெள்ளைப் பட்டையும் மஞ்சள் அலகுமடலும் நீண்ட காலும் உடைய ஆள்காட்டி, பொட்டலில் தூரத்திலிருந்தே தெரியும் பறவை. அது முட்டையின்மேல் அமர்ந்தே இருப்பின், மறைந்துள்ள முட்டைக்குத் தானே கொடிகட்டியது போலாகும். ஆகவே பகை தொலைவில் தோன்றியவுடன் அது எழுந்து, ஓசையின்றிச் சிறிது தூரம் ஓடி, பிறகே பறந்து குரல் எழுப்புகின்றது. வந்தவர் கண் பறவை எழும்பிய இடத்தை நோக்கும், முட்டை அங்கில்லை. நாய் நெருங்கினால் சிறகு ஒடிந்தது போல் தரையில் தத்தளித்துத் தன்னைத் துரத்தச் செய்து, போதிய தூரம் இழுத்துச் சென்ற பின் பறந்துவிடும். ஆடுமாடு மேய்ந்துகொண்டு வந்தாலோ ஓடுவதில்லை. மாட்டிற்கு முட்டை உணவன்று. அதன் குளம்புதான் ஆபத்து. அப்போது முட்டையருகே நின்று, சிறகை விரித்து, மாட்டை விலகிச் செல்லச் செய்கின்றது. வருவது யார் என்பதற்கேற்ப நடத்தை மாறுகின்றது.

பக்கி எனப்படும் இரவுப் பறவை இதற்கு நேர்மாறானது. அதுவும் கூடு கட்டுவதில்லை. சருகு கிடக்கும் தரையிலேயே முட்டையிடுகின்றது. ஆனால் அதன் இறகே சருகின் நிறமுடையது. ஆகவே கால் மேலே படும் நிலை வரும்வரை அது எழுவதில்லை. தன் உடலையே முட்டைக்குப் போர்வையாக்குகின்றது.

இவ்விரு முறைகளையும் ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் ஆய்ந்து 2016இல் வெளியிட்டனர் ஆங்கில அறிஞர் குழுவினர். ஆள்காட்டியின் உறவினங்களில் முட்டையின் நிறம் தரையோடு எவ்வளவு ஒத்திருந்ததோ அவ்வளவு அம்முட்டைகள் தப்பின. பக்கி இனங்களிலோ தாயின் இறகு நிறம் தரையோடு ஒத்திருந்த அளவிற்கே முட்டைகள் தப்பின. எழுந்து ஓடும் தாய்க்கு முட்டை மறைய வேண்டும். அசையாதிருக்கும் தாய்க்குத் தானே மறைய வேண்டும். நிறத்தையும் நடத்தையையும் பிரித்துப் பேசுதல் இயலாது என்பதை இவ்வாய்வு மெய்ப்பித்தது.

குஞ்சு பொரித்த பின்னும் காவல் முடிவதில்லை. முட்டையோட்டின் உட்புறம் வெண்மையானது. உடைந்த ஓடு தரையில் கிடந்தால் பகைக்கு வழிகாட்டும். டச்சு நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய நிக்கோ டின்பெர்கன், 1960களின் தொடக்கத்தில் கடற்காகங்களை ஆராய்ந்து, தாய்ப்பறவை உடைந்த ஓட்டை அலகில் எடுத்துச் சென்று தொலைவில் போடுவதன் காரணம் இதுவே எனச் சோதனை வாயிலாக நிறுவினார். ஓடு அருகில் கிடந்த முட்டைகளைக் காகங்கள் மிகுதியாகக் கண்டுபிடித்தன. வீட்டைத் துப்புரவு செய்தல் எனத் தோன்றும் செயல் உண்மையில் உயிர்க்காவல். அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

விதிக்கு விலக்குகளும் உள. புறா, சுள்ளிகளை அள்ளித் தெளித்தாற்போன்ற திறந்த கூட்டில் இரண்டு வெள்ளை முட்டைகளை இடுகின்றது. ஆயினும் ஆணும் பெண்ணும் முறைமாற்றி இடைவிடாது அமர்ந்திருப்பதால் அவ்வெண்மை வெளியே தெரிவதேயில்லை. புதர்தோறும் கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவியின் முட்டையோ ஒளிரும் நீலம். அதற்கு நிறத்தைவிடக் கூட்டத்தின் விழிப்பே காவல். ஒன்று அபாயக் குரல் எழுப்பினால் அனைத்தும் திரண்டு வந்து பாம்பையும் எதிர்க்கின்றன. ஆனால் அதே நீல நிறத்தில் முட்டையிட்டுச் சுடலைக்குயில் அக்கூட்டுக்குள் தன் குலத்தைப் புகுத்திவிடுகின்றது. கொள்பவரின் கண்ணும் ஏமாற்றுபவரின் நிறமும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே வளர்ந்துள்ளன.

கணந்துள் தரும் சான்று

ஆள்காட்டி என்னும் பெயரே ஒரு வரலாறு. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பது ஆள்காட்டி. சங்க இலக்கியத்தில் 'கணந்துள்' என்றொரு பறவை பேசப்படுகின்றது. குறுந்தொகை 350ஆம் பாடலில், பாலை வழியின் அருகே தங்கும் நீண்ட காலுடைய கணந்துள், ஆள் இருப்பதை அறிவித்து வழிச்செல்வோரை எச்சரிக்கின்றது. நற்றிணை 212ஆம் பாடலில் அது வேட்டுவன் விரித்த வலைக்கு அஞ்சித் தனிமை தோய்ந்த தெளிந்த குரலை எழுப்புகின்றது. செயலாலும் வாழிடத்தாலும் இது ஆள்காட்டியைச் சார்ந்ததாகக் கொள்வது பொருத்தமுடையது. சங்க நூற்பறவைகளை இனங்காண முற்பட்டோருள் 1976இல் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலைத் தந்த பி. எல். சாமி அவர்களின் தொண்டு இத்துறையில் என்றும் நினைக்கத்தக்கது.

வடமொழிப் பஞ்சதந்திரத்திலும் இப்பறவைக்கு இடமுண்டு. டிட்டிபம் என்னும் ஆள்காட்டி கடற்கரையில் இட்ட முட்டைகளைக் கடல் கவர்ந்துகொண்டது. பறவை பறவைகளின் அரசனாகிய கருடனிடம் முறையிட்டது. திருமால் தலையிட, கடல் முட்டைகளைத் திருப்பித் தந்தது. எளியவன் ஒன்றுபட்டு முறையிட்டால் வலியவன் பணிவான் என்பது கதையின் நீதி. தரையில் முட்டையிடும் பறவையே அக்கதைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயலன்று.

வழிப்போக்கனுக்கு அபாயம் உணர்த்துவதாகப் புலவர் கேட்ட குரல், உண்மையில் தன் ஈனிலைக் காக்க எழுந்த குரல். கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் போன்ற சான்றோரைத் தந்த இம்மண்ணில் அக்குரல் இன்றும் கோடையிரவுகளில் கேட்கின்றது. கேட்டவர் அதன் பொருளை உணர்கின்றனரா என்பதே வினா.

மறைந்ததனால் நேரும் கேடு

இங்கேதான் ஒரு முரண் தோன்றுகின்றது. காகத்தின் கண்ணுக்கும் கீரியின் கண்ணுக்கும் தப்புவதற்காக எண்ணற்ற தலைமுறைகளில் அமைந்த நிறம், உழவரின் கண்ணுக்கும் முட்டையை மறைத்துவிடுகின்றது. தீங்கு எண்ணாதவரும் தம்மை அறியாமலே தீங்கு செய்ய நேர்கின்றது. ஆள்காட்டி முட்டையிடும் பங்குனி முதலான மாதங்களிலேயே கோடையுழவும் நடைபெறுகின்றது. ஏர் ஓட்டிய காலத்தில் உழவர் நிலத்தை அடியடியாகக் கண்டார். பறவை தலைக்குமேல் சுற்றிக் கத்தினால் மாட்டை நிறுத்தினார். டிராக்டரின் இரைச்சலில் அக்குரல் கேட்பதில்லை. அதன் இருக்கை உயரத்திலிருந்து கல்லும் முட்டையும் வேறுபடுவதில்லை.

நிலமே மாறுவது அடுத்த கேடு. வருவாய்த்துறை ஏட்டில் 'தரிசு' என எழுதப்படுவது ஆள்காட்டியின் ஏட்டில் ஈனில். மாவட்டத்தில் தைலமரத் தோப்புகள் பரந்துள்ளன. சீமைக்கருவேலம் கண்மாய் வயிற்றிலும் மேய்ச்சல் தரையிலும் படர்ந்துள்ளது. திறந்த வெளியில் பகையைத் தொலைவிலேயே கண்டு எழுந்து ஓடும் பறவைக்கு, மரமும் புதரும் மூடிய நிலத்தில் அம்முறை பயன்படாது. பசுமை என்றதும் மரத்தை மட்டும் எண்ணும் வழக்கம் மாறுதல் வேண்டும். புல்வெளியும் பொட்டலும் உயிருள்ள நிலங்களே. முல்லையும் பாலையும் தமிழர் வகுத்த திணைகள். அவற்றைப் பயனற்ற நிலம் எனத் தமிழிலக்கியம் ஒருபோதும் கூறியதில்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லினுள் காட்டுப் பறவையின் முட்டையை எடுத்தலையும் அழித்தலையும் கூட்டைக் குலைத்தலையும் அடக்கியுள்ளது. சட்டம் தேவையானதே. ஆயினும் பொட்டலின் நடுவே கிடக்கும் நான்கு முட்டைகளுக்குக் காவலர் எவரையும் நிறுத்த இயலாது. அங்கு ஊராரே காவல்.

ஊரே காவலாகும்போது

ஊரார் காவலாக நின்றதற்கு அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில் இரண்டு சான்றுகள் உள. திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பெற்றது. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கொக்கும் நாரையும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன; சுற்றி நிற்கும் நீரே அவற்றிற்கு அகழி. கொள்ளுக்குடிப்பட்டி முதலிய ஊர்களின் மக்கள் அப்பறவைகள் அஞ்சிக் கூட்டை விட்டு எழக்கூடாதென்று தீபாவளியன்று வெடி வெடிப்பதைப் பல்லாண்டுகளாகத் தவிர்த்து வருகின்றனர். தாய் எழுந்தால் முட்டை வெளிப்படும், வெளிப்பட்ட முட்டையைக் காகம் கொண்டுபோகும் என்பதைப் பறவையியல் படிக்காத அம்மக்கள் அறிந்திருந்தனர்.

2020ஆம் ஆண்டில் அதே மாவட்டத்துப் பொத்தகுடியில் தெருவிளக்கின் விசைப்பெட்டிக்குள் சிறு பறவை ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. விளக்கைப் போட்டால் பறவை கலைந்துவிடும் என்று கருதிய ஊரார், குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்திற்கும் மேலாகத் தெருவை இருளிலேயே விட்டிருந்தனர். அச்செய்தி நாடெங்கும் பரவியது. தனக்கென ஒளிவிடத்தைத் தேர்ந்த பறவைக்கு ஓர் ஊரே இருளை ஈந்தது எனலாம்.

இத்தகைய பெருஞ்செயல் ஆள்காட்டிக்கு வேண்டுவதில்லை. பொட்டலில் நடப்பவர் தலைக்குமேல் ஆள்காட்டி சுற்றிச் சுற்றிக் கத்தினால், அருகில் ஈனில் உள்ளது என உணர்ந்து வந்த வழியே விலகிச் செல்லுதல் போதும். உழவர், பறவை விடாது எழுந்து அமரும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு பகுதியை நான்கு வாரம் உழாமல் விட்டு வைக்கலாம். கிடை போடுவோர் கிடையைச் சற்று நகர்த்தலாம். படம் எடுக்கும் ஆர்வலர் முட்டையருகே நிற்காதிருத்தல் வேண்டும். தாய் நெடுநேரம் விலகினால் முட்டை வெயிலில் கெடும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறுந்தொகையின் கணந்துள்ளையும் ஊர்ப் பொட்டலின் ஆள்காட்டியையும் ஒரே பாடமாகக் கற்பித்தால், இலக்கியமும் வாழும், பறவையும் வாழும்.

நிறைவாக, புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலை நினைத்தல் தகும். அங்குள்ள குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளமும் மீனும் பறவையும் ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளன. குன்றின் மறுபுறம், ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன. சமணத் துறவியர்க்கு விதிக்கப்பெற்ற ஒழுக்கங்களுள் ஒன்று, நடக்கும்போது முன்னுள்ள நிலத்தை நோக்கி, உயிர் எதுவும் மிதிபடாதவாறு அடி வைத்தல். இக்குன்றைச் சுற்றிய செம்மண் நிலத்தில் அவர்கள் அவ்வாறே நடந்திருப்பர். அந்நிலத்தில் அன்றும் பறவைகள் கல்லோடு கல்லாக முட்டையிட்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே முட்டையின் காவல். ஆகவே அதனைக் காக்க விரும்புபவர் கண்ணை மட்டும் நம்புதல் இயலாது. செவி பறவையின் குரலைக் கேட்க வேண்டும். கால் நிலத்தை அறிந்து நடக்க வேண்டும். ஆள்காட்டி தன் பங்கைச் செவ்வனே ஆற்றி வருகின்றது. எஞ்சிய பங்கு மனிதருடையது.